கடைக்குக் கொடுக்குமுன் நான்கு வாசல்களையும் பாருங்கள்



ஒரு வீட்டில் லெப்டொப் இருந்தால் அது ஒருவருக்கு மட்டும் சொந்தமாக இருப்பதில்லை. மகளின் சாதாரண தரப் பரீட்சைக்கான கடந்தகால வினாத்தாள்கள் அதில் இருக்கும். வெளிநாட்டில் உழைக்கும் வாப்பாவோடு பிள்ளைகள் முகம் பார்த்துப் பேசுவதும் அதில்தான். உம்மா தைத்துக் கொடுக்கும் உடுப்புகளின் அளவுகளும் கொடுக்கல் வாங்கல் கணக்கும் அதில்தான். பெருநாள் படங்களும் கல்யாண வீட்டுப் படங்களும் வேறெங்கும் இல்லாமல் அதில் மட்டுமே கிடக்கும். இப்படிப்பட்ட ஒரு சாமானில் விண்டோஸை அழித்து வேறொன்றைப் போட்ட மறுநாள், "உம்மா, வைபை வருதில்ல" என்று பிள்ளை வந்து நின்றால் வீடே கலங்கிப் போகிறது.

அந்தக் கலக்கத்தில் பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கிறது. லெப்டொப்பை அவசர அவசரமாகத் திருத்தும் கடைக்கு அனுப்புகிறோம். "வைபை கார்ட் செத்துப் போச்சு ராத்தா, புதுசு போட வேணும்" என்ற பதில் வருகிறது. அல்லது "இது பழைய சாமான், இனி சரிவராது" என்று நாமே முடிவு செய்து புதியதொன்றுக்குப் பணம் சேர்க்கத் தொடங்குகிறோம். இரண்டிலும் பணம் போகிறது. முதலாவதில் பணத்தோடு இன்னொன்றும் போகிறது. வீட்டுப் பெண்களின் படங்களும் குடும்பத்தின் கடிதங்களும் அடங்கிய ஒரு பெட்டி, நாம் அறியாத ஒருவரின் மேசையில் நாட்கணக்கில் திறந்து கிடக்கிறது. நல்ல மனிதர்கள் நடத்தும் கடைகள் நிறைய உண்டு. என்றாலும் வீட்டிலேயே தீர்க்கக்கூடிய ஒரு சிறு குறைக்காக அந்த அமானிதத்தைக் கைமாற்ற வேண்டுமா என்பதைச் சிந்திக்க வேண்டும்.

இம்மாதம் சொல்ல வருவது ஒன்றுதான். நேற்று வரை ஒழுங்காக வேலை செய்த வைபை, முறைமையை மாற்றிய அதே நாளில் நின்றுபோனால், பெரும்பாலும் கார்ட் சாகவில்லை. புதிதாக வந்த முறைமைக்கு அந்தக் கார்டோடு பேசத் தெரியவில்லை. அவ்வளவுதான்.

ஏன் இப்போது இந்தப் பேச்சு?

பாடசாலைப் புத்தகங்களில் பணிசெயல் முறைமை என்று பிள்ளைகள் படிப்பது விண்டோஸ், லினக்ஸ் போன்றவற்றைத்தான். 2015 ஜூலையில் வெளிவந்த விண்டோஸ் 10-க்கு மைக்ரோசொப்ட் வழங்கிவந்த பொதுவான ஆதரவு 2025 ஒக்டோபர் 14-ஆம் திகதியோடு முடிந்தது. தனியாகப் பதிவு செய்துகொண்டோருக்குக் கொஞ்ச காலம் நீடிப்புக் கிடைத்தது. அடுத்ததான விண்டோஸ் 11, 2021 ஒக்டோபரில் வந்தது. ஆனால் அது எல்லா லெப்டொப்பையும் ஏற்றுக்கொள்வதில்லை. 'டி.பி.எம். 2.0' என்ற பாதுகாப்புப் பகுதி வேண்டும். இன்டெல் பிரொசஸர் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆக இருக்க வேண்டும்.

இதனால் நல்ல நிலையிலுள்ள எத்தனையோ லெப்டொப்கள் நடுவழியில் நிற்கின்றன. அவற்றை வைத்திருப்போரில் பலர் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் பக்கம் போகிறார்கள். 1991-இல் பின்லாந்தில் பல்கலைக்கழக மாணவராக இருந்த லைனஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸிலிருந்து, உபுண்டு 2004-இலும் லினக்ஸ் மின்ட் 2006-இலும் வந்தன. விண்டோஸுக்குப் பழகிய கைக்கு லினக்ஸ் மின்ட் கெதியாகப் பிடிபடும். பழைய இயந்திரத்தையும் அதிகம் சிரமப்படுத்தாது. வேறு சிலர் விண்டோஸையே அழித்துப் புதிதாகப் போடுகிறார்கள். எப்பக்கம் போனாலும், முதல் நாளில் அதிகம் கேட்கும் முறைப்பாடு வைபை பற்றியதுதான்.

டிரைவர் என்பவர் யார்?

டிரைவர் என்றால் நமக்கு வாகனச் சாரதி. கணினியிலும் ஏறத்தாழ அதே வேலைதான். வேன் புதிதாக இருக்கலாம், பெற்றோலும் நிறைந்திருக்கலாம், அதை ஓட்டத் தெரிந்தவர் ஆசனத்தில் இல்லாவிட்டால் வேன் முற்றத்தை விட்டு நகராது. லெப்டொப்பின் உள்ளே இருக்கும் வைபை கார்ட் அந்த வேன். அதை ஓட்டத் தெரிந்த சிறு மென்பொருள்தான் டிரைவர்.

வைபை கார்டுகளை இன்டெல், ரியல்டெக், பிரோட்கொம், குவல்கொம் அதிரோஸ், மீடியாடெக் போன்ற கம்பெனிகள் செய்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி டிரைவர் வேண்டும். லெப்டொப் கடையிலிருந்து வரும்போது அதற்குரிய டிரைவர் ஏற்கனவே போடப்பட்டிருக்கும். எனவே அப்படியொன்று இருப்பதே நமக்குத் தெரிவதில்லை. முறைமையை அழிக்கும்போது அந்த டிரைவரும் சேர்ந்து அழிகிறது. புதிய முறைமை தன்னோடு பல டிரைவர்களைக் கொண்டு வரும். அவற்றுள் நமது கார்டுக்குரியது இருந்தால் நாம் எதையும் உணரமாட்டோம். இல்லாவிட்டால் வைபை அடையாளமே திரையில் தோன்றாது.

லினக்ஸில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சில கம்பெனிகள் தமது கார்ட் எப்படி வேலை செய்கிறது என்பதை நெடுங்காலம் வெளியே சொல்லவில்லை. பிரோட்கொம் 2010-இல்தான் தனது புதிய கார்டுகள் சிலவற்றுக்குத் திறந்த டிரைவரை வெளியிட்டது. அதனுடைய வேறு பல கார்டுகளுக்கு, கம்பெனியே மூடிக் கொடுத்த டிரைவரைத் தனியாகப் போட வேண்டியிருக்கிறது. டெபியன் என்ற லினக்ஸ் வகை, இப்படி மூடிக் கொடுக்கப்பட்ட கோப்புகளைத் தனது வழமையான நிறுவும் தட்டில் 2023-இல் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்துதான் சேர்த்துக்கொண்டது. ஆகவே லினக்ஸ் போட்ட அன்று வைபை வராமலிருப்பது நமது வீட்டுக்கு மட்டும் வந்த சோதனையல்ல.

இனி, வைபை நம்மிடம் வந்து சேர நான்கு வாசல்களைக் கடக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த வாசல் பூட்டியிருக்கிறது என்று தெரியாமல் எல்லாவற்றையும் தட்டிக் கொண்டிருப்பதால்தான் நேரம் வீணாகிறது. வரிசையாகப் பார்ப்போம்.

முதலாம் வாசல்: சுவிட்ச்

இது மிக எளிதானது. ஆகையால்தான் பலர் இதைப் பார்ப்பதே இல்லை. பழைய லெப்டொப்கள் சிலவற்றில் முன்பக்கத்திலோ பக்கவாட்டிலோ நகத்தளவு சுவிட்ச் ஒன்று இருக்கும். வேறு சிலவற்றில் மேல்வரிசைப் பொத்தான் ஒன்றில் விமானத்தின் படமோ, அலை பரப்பும் சிறு கோபுரத்தின் படமோ இருக்கும். முறைமையைப் போடும் சந்தடியில் யாராவது அதைத் தட்டியிருக்கலாம். திரையில் விமானப் படம் தெரிந்தால் இந்த வாசல்தான் பூட்டு. 'எஃப்.என்.' பொத்தானை அழுத்தியபடி அந்தப் பொத்தானை ஒருதரம் அழுத்திப் பாருங்கள்.

பொத்தானால் ஆகவில்லையென்றால் லெப்டொப்பை முழுதாக நிறுத்துங்கள். சார்ஜர் வயரைக் கழற்றுங்கள். பற்றரி வெளியே எடுக்கக்கூடியதாக இருந்தால் அதையும் எடுங்கள். பின்னர் திறக்கும் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டு, எல்லாவற்றையும் பழையபடி பொருத்தித் திறந்து பாருங்கள். உள்ளே மிஞ்சியிருக்கும் மின்சாரம் வடிந்ததும், மயங்கிக் கிடந்த கார்ட் சிலவேளை விழித்துக்கொள்ளும்.

ஒரே லெப்டொப்பில் விண்டோஸையும் லினக்ஸையும் சேர்த்து வைத்திருப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல், விண்டோஸை 'ஷட் டவுன்' செய்தாலும் அது முழுதாகத் தூங்குவதில்லை. அடுத்த தடவை விரைவாக எழும்புவதற்காகப் பாதி விழிப்பில் இருக்கிறது. சில இயந்திரங்களில் அது வைபை கார்டையும் கையில் பிடித்தபடியே படுத்துவிடும். பிறகு லினக்ஸைத் திறந்தால் கார்ட் கிடைக்காது. விண்டோஸில் 'ஷிப்ட்' பொத்தானை அழுத்திக்கொண்டு 'ஷட் டவுன்' கொடுத்தால் முழுதாக நிற்கும். இதனால் சரியானால், 'பாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற வசதியை நிரந்தரமாகவே நிறுத்தி விடுங்கள்.

இரண்டாம் வாசல்: டிரைவர்

முறைமையை மாற்றிய பின் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை இந்த வாசலில்தான். இதன் அடையாளம் தெளிவானது. அயல் வீட்டு வைபைப் பெயர்கள்கூடத் திரையில் வராது. வைபை என்ற சொல்லே பட்டியலில் இல்லாமலிருக்கும்.

இங்குதான் ஒரு சிக்கல். டிரைவரை எடுக்க இன்டர்நெட் வேண்டும், இன்டர்நெட் வர டிரைவர் வேண்டும். பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதைதான். இதற்கு வெளியிலிருந்து ஒரு வழி வேண்டும். அந்த வழி நமது கையிலேயே இருக்கிறது. அது கைத்தொலைபேசி.

அன்ட்ரொய்ட் போனைச் சார்ஜ் பண்ணும் கேபிளால் லெப்டொப்போடு இணையுங்கள். போனின் செட்டிங்ஸில் 'ஹொட்ஸ்பொட்' இருக்கும் இடத்தில் 'யூ.எஸ்.பி. டெதரிங்' என்று ஒன்று இருக்கும். அதைப் போட்டுவிடுங்கள். வைபை டிரைவர் இல்லாமலேயே, வயர் வழியாக லெப்டொப்புக்கு இன்டர்நெட் வந்துவிடும். கேபிள் இணைத்த பின்னரே அந்த வசதி தெளிவாகத் தெரியும். சார்ஜ் மட்டும் பண்ணும் மலிவான கேபிள் இதற்கு உதவாது, போனோடு வந்த கேபிளைப் பாவியுங்கள். வீட்டு வைபையில் போன் இணைந்திருந்தால் பெரும்பாலான போன்கள் அந்த வைபையையே லெப்டொப்புக்குக் கடத்தும். உங்கள் டேட்டா வீணாகாது. போன் வேண்டாமென்றால், ரவுட்டரின் பின்புறத்திலிருந்து ஈதர்நெட் வயரை லெப்டொப்புக்குக் கொடுத்தாலும் போதும்.

வயரால் இன்டர்நெட் வந்த பின் செய்ய வேண்டியது முறைமைக்கேற்ப மாறும்.

லினக்ஸ் மின்ட் என்றால் மெனுவில் 'அட்மினிஸ்ட்ரேஷன்' பகுதியில் 'டிரைவர் மனேஜர்' என்று ஒன்று இருக்கும். உபுண்டுவில் அதற்கு 'அடிஷனல் டிரைவர்ஸ்' என்று பெயர். அதைத் திறந்தால் உங்கள் கார்டைப் பார்த்து, பொருத்தமான டிரைவரை அதுவே காட்டும். பரிந்துரைக்கப்பட்டதைத் தெரிவு செய்து, அது போட்டு முடியும்வரை பொறுத்திருந்து, லெப்டொப்பை மீளத் திறக்க வேண்டும். பிரோட்கொம் கார்டுகளில் அநேகமானவை இத்தோடு சரியாகிவிடும். அங்கே எதுவும் காட்டாவிட்டால், முறைமைக்குரிய புதுப்பித்தல்கள் அனைத்தையும் போட்டுவிட்டு மீளத் திறந்து பாருங்கள். இன்டெல், ரியல்டெக் கார்டுகளுக்கு வேண்டியவை பெரும்பாலும் அந்தப் புதுப்பித்தல்களோடுதான் வருகின்றன.

இவ்விடத்தில் பலர் தடுக்கி விழும் கல் ஒன்று உண்டு. 'செக்கியூர் பூட்' என்ற காவல் சில லெப்டொப்களில் போடப்பட்டிருக்கும். கையொப்பமில்லாத டிரைவரை அது உள்ளே விடாது. அப்படியானால் டிரைவர் போடும்போது ஒரு கடவுச்சொல்லை வைக்கச் சொல்லும். நீங்களும் வைப்பீர்கள். மீளத் திறக்கும்போது நீல நிறத்தில் ஒரு திரை வரும். அது ஏதோ கெட்டுவிட்ட அடையாளமல்ல. அதில் 'என்ரோல் மொக்' என்பதைத் தெரிந்து, 'கன்டினியூ', 'யெஸ்' என்று போய், முன்பு வைத்த கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். பயந்துபோய் அத்திரையைத் தாண்டிவிட்டால், போட்ட டிரைவர் உள்ளே இருந்தும் இல்லாதது போலாகிவிடும். "எல்லாம் செய்தேன், வைபை வரவில்லை" என்று சொல்வோரில் பலர் இந்த நீலத் திரையில் தவறியவர்களே.

விண்டோஸ் என்றால், 'ஸ்டார்ட்' பொத்தானின் மேல் வலப்பக்கக் கிளிக் செய்து 'டிவைஸ் மனேஜர்' என்பதைத் திறவுங்கள். 'நெட்வொர்க் கொன்ட்ரோலர்' என்ற பெயரின் அருகே மஞ்சள் முக்கோணத்தில் ஒரு வியப்புக்குறி இருந்தால், அது டிரைவர் இல்லாத கார்ட். போனை வயரால் இணைத்து 'விண்டோஸ் அப்டேட்' கொடுத்தாலே பெரும்பாலும் டிரைவர் வந்துவிடும். வராவிட்டால் லெப்டொப்பின் அடிப்பக்கத்தில் ஒட்டியுள்ள மாதிரி இலக்கத்தைக் குறித்துக்கொண்டு, அதைத் தயாரித்த கம்பெனியின் சொந்தத் தளத்திலிருந்து வைபை டிரைவரை எடுத்துப் போடுங்கள்.

கார்ட் யாருடையது என்று தெரியாவிட்டால், அதன் மேல் இரண்டு தரம் கிளிக் செய்து, 'டீடெய்ல்ஸ்' பகுதியில் 'ஹார்ட்வெயார் ஐடிஸ்' என்பதைத் தெரியுங்கள். அங்கு நீண்ட எழுத்துத் தொடர் ஒன்று வரும். அதன் தொடக்கத்தில் 8086 என்ற இலக்கம் இருந்தால் அது இன்டெல் கார்ட். இன்டெல் 1978-இல் வெளியிட்ட பிரபலமான பிரொசஸரின் இலக்கமும் அதுவே. மற்றக் கம்பெனிகளுக்கும் இப்படித் தனித்தனி அடையாளங்கள் உண்டு. அந்தத் தொடரை அப்படியே போனில் தேடினால் கார்டின் பெயர் கிடைத்துவிடும்.

விண்டோஸ் 11-ஐப் புதிதாகப் போடுவோர் பலருக்கு இன்னொரு இடத்தில் தடை வரும். தொடக்கத்திலேயே இன்டர்நெட் கேட்டு, வைபைப் பட்டியல் வெறுமையாக நிற்கும். அங்கும் போனை வயரால் இணைத்து 'யூ.எஸ்.பி. டெதரிங்' கொடுத்தால் வழி திறந்துவிடும்.

மூன்றாம் வாசல்: ரவுட்டர்

வைபைப் பெயர்கள் தெரிகின்றன, நமது வீட்டுப் பெயர் மட்டும் தெரியவில்லை. அல்லது தெரிகிறது, இணைய மறுக்கிறது. இப்படியானால் டிரைவர் வாசலைக் கடந்துவிட்டீர்கள். அதைப் போட்டு மீண்டும் குழப்ப வேண்டாம்.

முதலில் கடவுச்சொல். பழைய முறைமை அதை மனதில் வைத்திருந்தது, புதியதற்கு நாம்தான் சொல்ல வேண்டும். ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் அது இருக்கும். ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசத்தையும், பூச்சிய இலக்கத்தையும் 'ஓ' எழுத்தையும் நிதானமாகப் பாருங்கள்.

அடுத்து ஒரு சோதனை. இன்னொருவரின் போனில் ஹொட்ஸ்பொட் போட்டு, அதோடு லெப்டொப்பை வைபை வழியாக இணைத்துப் பாருங்கள். இணைந்தால் லெப்டொப்பில் குறையில்லை, ரவுட்டரின் அமைப்பில்தான் ஏதோ ஒவ்வாமை. இந்த ஒரு சோதனை பல மணித்தியால வீண் அலைச்சலைத் தவிர்க்கும்.

ரவுட்டரில் பார்க்க வேண்டியவை இரண்டு. வைபை, 2.4 கிகாஹேர்ட்ஸ், 5 கிகாஹேர்ட்ஸ் என்று இரு அலைவரிசைகளில் வருகிறது. 5 வேகமானது, ஆனால் சுவர்களைத் தாண்டும்போது சீக்கிரம் களைத்துவிடும். 2.4 தூரம் போகும். பழைய கார்டுகள் பலவற்றுக்கு 2.4 மட்டுமே தெரியும். ரவுட்டரில் 5 மட்டும் திறந்திருந்தால் வீட்டு வைபையின் பெயரே அவற்றுக்குத் தெரியாது. இரண்டாவது, பூட்டின் வகை. 2018-இல் அறிவிக்கப்பட்ட 'டபிள்யூ.பி.ஏ. 3' என்ற புதிய பூட்டைப் பழைய கார்டுகள் பல அறியா. ரவுட்டரில் 2-உம் 3-உம் கலந்த வகையைத் தெரிவு செய்தால் பழையதும் புதியதும் சேர்ந்து வாழும். இவற்றை மாற்றத் தெரியாவிட்டால், இணைப்பைத் தரும் நிறுவனத்தின் உதவி இலக்கத்துக்குப் பேசி, இதே வார்த்தைகளில் கேளுங்கள்.

நான்காம் வாசல்: வெளியுலகம்

வைபை இணைந்தது என்று காட்டுகிறது, ஆனால் எந்தப் பக்கமும் திறப்பதில்லை. முதலில் அதே வைபையில் போன் வேலை செய்கிறதா என்று பாருங்கள். போனிலும் இல்லையென்றால் லெப்டொப் குற்றமற்றது. ரவுட்டரை நிறுத்தி ஒரு நிமிடம் கழித்துப் போடுங்கள்.

போனில் வருகிறது, லெப்டொப்பில் மட்டும் "பாதுகாப்பற்ற இணைப்பு" என்ற எச்சரிக்கையாகவே வருகிறது என்றால், திரையின் மூலையிலுள்ள திகதியைப் பாருங்கள். வங்கி, மின்னஞ்சல் முதலிய பாதுகாப்பான பக்கங்கள் ஒவ்வொன்றுக்கும் காலாவதித் திகதியோடு ஓர் அத்தாட்சி உண்டு. லெப்டொப் ஏதோ ஒரு பழைய வருடத்தில் நின்றால் அந்த அத்தாட்சியை அது ஏற்காது. திகதியைத் திருத்தியதும் பக்கங்கள் திறக்கும். நிறுத்தும் ஒவ்வொரு தடவையும் திகதி பின்னோக்கிப் போனால், உள்ளேயுள்ள காசு வடிவச் சிறு பற்றரி தீர்ந்துவிட்டது என்று பொருள். விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்துள்ள இயந்திரத்தில் நேரம் ஐந்தரை மணித்தியாலம் முன்பின்னாகக் காட்டுவதும் உண்டு. இரண்டும் நேரத்தை வேறு வேறு விதமாகக் குறித்து வைப்பதால் வரும் வித்தியாசம் அது. வைபைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

வைபை வந்து வந்து போகிறது என்றால், மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்காக முறைமையே கார்டை இடையிடையே உறங்க வைக்கிறதா என்று பார்க்க வேண்டும். விண்டோஸில் 'டிவைஸ் மனேஜர்' சென்று வைபை கார்டைத் திறந்தால், சில இயந்திரங்களில் 'பவர் மனேஜ்மென்ட்' என்ற பகுதி இருக்கும். மின்சாரத்தை மிச்சப்படுத்த இச்சாதனத்தை நிறுத்தலாம் என்ற கருத்திலுள்ள வரியின் அடையாளத்தை எடுத்துவிட்டால் போதும்.

செய்யக் கூடாதவை

மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தக் கூடாது. வைபை வரவில்லை என்பதற்காக முறைமையை மறுபடியும் மறுபடியும் அழித்துப் போடாதீர்கள். அதே முறைமையை அதே விதமாகப் போட்டால் அதே குறைதான் வரும். ஒவ்வொரு அழிப்பிலும் படங்களும் பாடங்களும் அழியும் ஆபத்தும் சேர்ந்து வரும்.

"எல்லா டிரைவர்களையும் ஒரே கிளிக்கில் தருகிறோம்" என்று விளம்பரம் செய்யும் மென்பொருள்களின் பக்கம் போக வேண்டாம். அவற்றுள் பல, வேண்டாத விளம்பரங்களையும் அதைவிட மோசமானவற்றையும் வீட்டுக்குள் கொண்டு வருகின்றன. டிரைவரை முறைமையிடமிருந்து, அல்லது லெப்டொப்பையோ கார்டையோ தயாரித்த கம்பெனியிடமிருந்து மட்டுமே எடுங்கள்.

இன்னும் மாற்றாதவர்களுக்கு

முறைமையை மாற்ற இனிமேல்தான் எண்ணியிருக்கும் சகோதரிகளுக்கு வேலை இன்னும் எளிது. படங்களையும் பாடங்களையும் வெளியே ஒரு டிஸ்க்கில் பிரதியெடுத்து, அப்பிரதி திறக்கிறதா என்றும் பாருங்கள். 'டிவைஸ் மனேஜர்' திறந்து வைபை கார்டின் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். விண்டோஸ் போடுவதானால், அதற்குரிய டிரைவரை இப்போதே ஒரு பென் டிரைவில் எடுத்து வையுங்கள்.

லினக்ஸ் மின்ட், உபுண்டு ஆகியவற்றில் ஒரு நல்ல வசதி உண்டு. பென் டிரைவிலிருந்தே, எதையும் அழிக்காமல் அவற்றைத் திறந்து பார்க்கலாம். அப்படித் திறந்து, வைபையில் இணைந்து, காணொளி ஒன்றை ஓடவிட்டுப் பாருங்கள். அங்கு வேலை செய்தால் போட்ட பிறகும் பெரும்பாலும் வேலை செய்யும். அங்கு வராவிட்டால், என்ன தேவை என்பது பழைய முறைமை கையில் இருக்கும்போதே தெரிந்துவிடும். உடுப்பை வெட்டுமுன் அளவு பார்ப்பதில்லையா? அதுபோலத்தான்.

கடைக்குப் போக வேண்டிய நேரம்

நான்கு வாசல்களையும் பார்த்தும் வழியில்லை என்றால், கார்ட் உண்மையாகவே பழுதாகியிருக்கலாம். அதைக் கண்டுகொள்ள ஓர் அடையாளம் உண்டு. விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும், 'டிவைஸ் மனேஜர்' பட்டியலில்கூட கார்ட் தலைகாட்டாது. அப்போதும் லெப்டொப் முழுவதையும் கைவிட வேண்டியதில்லை. விரல் நுனியளவான வைபை டொங்கிள் ஒன்றை யூ.எஸ்.பி. துளையில் செருகினால் போதும். வாங்குமுன் நமது முறைமைக்கு அது ஒத்துவருமா என்று கேளுங்கள். உள்ளேயுள்ள கார்டை மாற்றுவதானால், சில கம்பெனிகளின் பழைய லெப்டொப்கள் தாம் அங்கீகரித்த கார்டுகளைத் தவிர வேறெதையும் ஏற்பதில்லை என்பதையும் கடைக்காரரிடம் ஞாபகப்படுத்துங்கள்.

கடைக்குக் கொடுக்கத்தான் வேண்டுமென்றால் படங்களை வெளியே எடுத்துவிட்டுக் கொடுங்கள். முடிந்தால் வீட்டு ஆண் ஒருவர் அருகிலிருந்து செய்வித்து எடுத்து வரட்டும். "வைபை வருதில்ல" என்று மட்டும் சொல்லாமல், "சுவிட்ச் பார்த்தோம், இன்ன டிரைவர் போட்டோம், போன் ஹொட்ஸ்பொட்டிலும் இணையவில்லை" என்று சொல்லுங்கள். பார்த்ததைப் பெயர் சொல்லிக் கூறும் வாடிக்கையாளரிடம் இல்லாத பழுதைச் சொல்ல யாரும் சற்று யோசிப்பார்கள்.

எல்லாம் சரியான பின் ஒரு சிறு வேலை மீதமிருக்கிறது. ஒரு தாளில் லெப்டொப்பின் மாதிரி இலக்கம், வைபை கார்டின் பெயர், போட்ட முறைமை, டிரைவரின் பெயர், மாற்றிய திகதி ஆகியவற்றை எழுதி, பென் டிரைவோடு சேர்த்து அலுமாரியில் வையுங்கள். லினக்ஸில் மூடிக் கொடுக்கப்பட்ட டிரைவரைப் பாவிப்போருக்கு, சில மாதங்களின் பின் ஒரு பெரிய புதுப்பித்தலோடு வைபை மீண்டும் காணாமல் போவதுண்டு. அப்போது பதற வேண்டாம். திறக்கும்போது வரும் 'அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ்' பட்டியலில் முந்திய கெர்னலைத் தெரிந்தால் பழையபடி வரும். பிறகு ஆறுதலாக டிரைவரைப் புதுப்பிக்கலாம்.

இவற்றைச் செய்யும்போது பிள்ளைகளையும் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள். மகள் வாசலைச் சொல்லட்டும், நீங்கள் திறவுங்கள், தாளில் மகன் எழுதட்டும். அடுத்த தடவை உங்களை அழைக்காமலே அவர்கள் சரிசெய்து கொள்வார்கள். அடுத்த மாதம், இன்ஷா அல்லாஹ், குடும்பப் படங்களை இரண்டு இடங்களில் பத்திரப்படுத்துவது பற்றிப் பார்ப்போம்.